கூட்டணிப் பொடியும் என் நாக்கும்

மாமரத்தடியில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். பகல் பதினொரு மணி இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, கை நடுங்குகிறது, எதிரே நிற்கிற லாரி ஒன்றா இரண்டா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. என் தொழில் கூட்டாளி காதர் ராவுத்தர் என் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து ஒரு கை சர்க்கரையை உள்ளே கொட்டுகிறார். நான் அதை அப்படியே அவருடைய வெள்ளைச் சட்டை மேல் துப்புகிறேன்.

"ஏனுங் ராவுத்தரே, மணலை அள்ளி வாயில போடறீங்களே! விளையாடறதுக்கு ஒரு நேரங்காலம் இல்லீங்களா?"

ராவுத்தர் சட்டையைத் துடைக்கக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முந்திய மாங்காய் சீசனில் நடந்தது இது. இரண்டு வாரம் முன்பு இந்தப் பக்கத்தில் போகிறபோக்கில் "எனக்கும் சர்க்கரை உண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து கடிதம் கடிதமாக வருகிறது. எழுதியவர்களில் பாதிப் பேர் மருந்து சொல்கிறார்கள், மீதிப் பேர் மருந்து கேட்கிறார்கள். சொல்கிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்த வாரம்.

நாக்கை வைத்துப் பிழைப்பு

மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் முதலமடையில் மழை குறைவு. ஆனைமலை அந்தப் பக்கமே மழையைப் பிடித்துவைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எங்களுக்கு அனுப்பும். அதனாலோ என்னவோ, மற்ற ஊர் மாமரங்கள் பூவோடு நிற்கும்போதே எங்கள் ஊர்க் காய் முற்றி லாரி ஏறிவிடும். வடக்கே உள்ளவர்கள் அந்த வருஷத்தின் முதல் மாம்பழத்தைத் தின்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பழமாக இருக்கும்.

வியாபாரம், லாரி, மண்டிக்காரர்களோடு போனில் சண்டை, இவை ராவுத்தர் பொறுப்பு. நாக்கு என் பொறுப்பு. தோப்புக்காரர்கள் பத்துப் பதினைந்து காய்களை முன்கூட்டிப் பறித்து வைக்கோலில் பழுக்க வைத்திருப்பார்கள். நான் போய் நறுக்கித் தின்று பார்த்து, என்றைக்குப் பறிக்கலாம், எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று சொல்லவேண்டும். முப்பது வருஷமாக இதுதான் என் உத்தியோகம். "ஆறுச்சாமி தின்னு பார்த்தாச்சா?" என்று கேட்காமல் யாரும் மரத்தில் ஏணி சாத்தமாட்டார்கள்.

ஒருமுறை ஒரு தோப்புக்காரர் மாதிரிப் பழங்களுக்கு ஊசியால் சர்க்கரைப் பாகு ஏற்றி வைத்திருந்தார். முதல் துண்டிலேயே தெரிந்துவிட்டது. "மரத்துக்கு யாருங்க காபி போட்டுக் குடுத்தது?" என்று கேட்டேன். அவர் அப்புறம் ஒரு மாதம் என் கண்ணில் படாமல் சுற்றினார்.

இந்த வேலையில் ஒரு மரியாதை உண்டு. வாயில் போட்ட துண்டை முழுங்கித்தான் ஆகவேண்டும். துப்பினால், பெண் பார்க்கப் போன வீட்டில் காபியைத் தொடாமல் எழுந்து வந்த மாதிரி. பழம் நன்றாக இல்லை என்று வாயால் சொல்லலாம், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். துப்பினால் மட்டும் குடும்பத்தோடு கோபித்துக்கொள்வார்கள். ஆகவே சீசனில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தோப்பு, தோப்புக்கு நாலைந்து துண்டு, எல்லாம் என் வயிற்றுக்குள். அப்படித் தின்ற மனுஷனுக்குச் சர்க்கரை வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஐம்பத்தைந்து வயது வரை வராமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

டாக்டரம்மா வைத்த கெடு

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பேச்சில் அந்த மலைக்காரர்களின் தெக்கத்தி இழுவை அப்படியே இருக்கும். என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, மாம்பழம் திங்கிறதையே வேலையா வச்சிருக்கீகளா? இத நிப்பாட்டணும்."

"நிறுத்தினா நான் யாருங்கம்மா?" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு நிலம் இருக்கிறது, லாரி இருக்கிறது. எனக்கு இருந்தது இந்த நாக்கு ஒன்றுதான். அதை மூடி வைத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிற ஆளாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

டாக்டரம்மா இரக்கப்பட்டார். மூன்று மாதம் கெடு. வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு, தோப்புக்கு ஒரு துண்டுக்கு மேல் கூடாது. மூன்று மாதம் கழித்து வரும் ரிப்போர்ட் நன்றாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லாவிட்டால் தின்று பார்க்கிற வேலைக்கு முழுக்கு. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏழு கட்சி

சர்க்கரை வந்திருக்கிறது என்று ஊரில் ஒருவரிடம் சொன்னால் போதும், நூறு வைத்தியர்கள் கிடைப்பார்கள். முடிவெட்டுகிறவர் வெந்தயம் என்றார். பஸ் கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போதே நாவல் கொட்டை என்றார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், சீல் வைப்பதை நிறுத்திவிட்டு ஆவாரம்பூவின் அருமையைப் பத்து நிமிஷம் சொன்னார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

எல்லோருக்கும் ஒரு மச்சான் இருந்தார். அந்த மச்சானுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது, இதைத் தின்றார், மாயமாகப் போய்விட்டது. அந்த மச்சான்களில் ஒருவரைக்கூட நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

ஆனால் எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொன்றும் தனியாகவே இவ்வளவு வேலை செய்தால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால்? வெந்தயம், நாவல் கொட்டை, ஆவாரம்பூ, காயவைத்த பாகற்காய், கறிவேப்பிலை, கொய்யாக் கொழுந்து, சிறுகுறிஞ்சான் இலை. ஏழையும் வறுத்து அரைத்துச் சலித்து ஒரு டப்பாவில் போட்டேன். கூட்டணிப் பொடி என்று பெயரும் வைத்தேன். டாக்டரம்மாவின் மாத்திரை இந்த ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்துகொண்டிருந்தது. அந்த ஆதரவைப் பற்றிக் கூட்டணிக்கும் தெரியாது, கூட்டணியைப் பற்றி டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

இரண்டும் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி சரசு. அவளுக்குப் பொடியைவிட மிக்ஸி ஜாரைப் பற்றித்தான் கவலை.

"ஏனுங்க, மூணு நாளா தேங்காச் சட்னி கசக்குது. இந்த ஜாரை உங்க பொடிக்கே வெச்சுக்கங்க. எனக்கு வேற ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"மருந்துன்னு நெனச்சுத் தின்னு, அம்மிணி."

"எனக்குச் சக்கரை இல்லீங்களே. நான் எதுக்குத் திங்கோணும்? டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தின்னுங்க."

சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று பயம். தினம் காலை ஆறு மணிக்கு ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிடுவேன். எட்டு மணிக்கு இட்லி, பத்து மணிக்குத் தோப்பு. இரண்டு மாதம் இப்படியே ஓடியது. மருந்துக் கடையில் குத்திப் பார்த்தால் அளவு குறைந்துகொண்டே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் கேட்டாலும் பொடியைப் புகழ்ந்தேன், மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை.

வேலாயுதன் மாஷ் தோப்பில்

கெடு முடிய மூன்று நாள் இருந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிப்பதில்லையா, நானும் அப்படித்தான் இறங்கினேன். அன்று காலை ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூன் பொடி. மாத்திரை. இட்லி வேண்டாம் என்று சரசுவிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டோடு வாசல் வரைக்கும் வந்தாள், நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

அது போதாதென்று, வேலாயுதன் மாஷ் தோப்புக்குப் போகிற வழியில் வேலி மேல் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்று பெயர். பொடியைவிடப் பச்சை இலைக்கு வேகம் அதிகம் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்தி நாலைந்து இலையைப் பறித்து, ஆடு மாதிரி நன்றாக மென்றுகொண்டே போனேன்.

மாஷ் மலையாளம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்கனப்பள்ளித் தோப்பைப் பள்ளிக்கூடம் மாதிரி வைத்திருப்பார். மரத்துக்கு மரம் நம்பர் உண்டு. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவரே பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து நீட்டினார். ராவுத்தர் பக்கத்தில் நின்றார். பறிக்க வந்த ஆட்கள் ஏணியோடு காத்திருந்தார்கள்.

முதல் துண்டு. வெறும் புளிப்பு. சந்தேகத்தில் டாக்டரம்மாவின் ஒரு துண்டுக் கணக்கை மீறினேன், இரண்டாவது மரத்துப் பழமும் புளிப்பு. மூன்றாவது வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இருந்தது.

"மாஷே, என்னுங்க இது? இந்த வருஷம் பழத்துல இனிப்பே ஏறலீங்களே. லாரிக்கு ஆகாதுங்க."

ஏணி பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாஷ் முகம் சிவந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தானே தின்றார். இன்னொன்றை ராவுத்தரிடம் கொடுத்தார். ராவுத்தர் தின்றுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எடோ ஆறுச்சாமி, இது புளிப்பா? இதுவா புளிப்பு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நாக்குக் குழறியது. வியர்வை காதோரம் இறங்கியது. அந்தக் கிரேட்டில் உட்கார்ந்தது அப்போதுதான்.

இனிக்காத சர்க்கரை

ராவுத்தரின் தம்பிக்கு ஒருதரம் இப்படி ஆகியிருக்கிறது. அதனால் அவர் உடனே கண்டுகொண்டார். "சக்கரை எறங்கிருச்சு" என்று கத்திக்கொண்டே ஓடி, தோப்பு ஷெட்டில் நாங்கள் டீ போட வைத்திருந்த சர்க்கரை டப்பாவோடு வந்தார்.

இங்கே என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு முந்தின சீசனில் அதே டப்பாவில் சர்க்கரையை எடுத்துவிட்டு உப்பைப் போட்டு வைத்தேன். ராவுத்தர் மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்கி, வெளியூர் வியாபாரி எதிரில் ஒரே மடக்கில் குடித்துத் தொலைத்தார். பழிக்குப் பழி வாங்குவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஆகவே வாயில் மணல் மணலாக ஒன்று விழுந்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. துப்பிவிட்டேன்.

மறுபடி போட்டார். மறுபடி துப்பினேன். "ஆளு முடியாம கெடக்கறேன், இப்பவா விளையாட்டு?" என்று திட்டினேன். மாஷ் தன் கோபத்தை மறந்து பழத்தைப் பிழிந்து சாற்றைக் கொண்டுவந்தார். "உங்க புளிப்பு எனக்கு வேண்டாங்க" என்று அதையும் தட்டிவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ராவுத்தர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, என் முன்னால் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் என்னிடம் 'ங்க' போடாமல் அவர் பேசியது அன்று ஒருநாள்தான்.

"டேய் ஆறுச்சாமி! இனிக்கலீன்னா இனிக்காமப் போகட்டும். உம்பட நாக்கு பொய் சொல்லுது. நான் சொல்றேன், இது சக்கரை. என்னைய நம்பறயா இல்லையா? முழுங்கு!"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்துத்தான் முழுங்கினேன். அந்த டம்ளரில் இருந்தது எனக்கு வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. என் நாக்கை மறுத்து அடுத்தவர் பேச்சை நம்பி ஒன்றை முழுங்கியது என் ஆயுளில் அதுவே முதல்முறை.

கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. யாரோ வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் இட்லி வாங்கி வந்தார்கள், தின்றேன். உச்சிப்பொழுதுக்கு நாக்கும் வந்துவிட்டது. மாஷின் பழத்தை மறுபடி ஒரு துண்டு வாயில் வைத்தால், அப்படி ஒரு இனிப்பு.

"மாஷே, தப்பாச் சொல்லிட்டனுங்க. பழம் அருமைங்க."

மாஷ் அசையவில்லை. "புளிப்புன்னதும் இந்த நாக்கு, இனிப்புன்னதும் இந்த நாக்கு. இதுல நான் எதை விசுவசிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, தோப்பு வாசலைக் காட்டினார். ஏணிகள் மரத்தைத் தொடாமலே திரும்பிப் போயின.

சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் செய்தி போய்விட்டது. ஆறுச்சாமி நாக்கு செத்துப்போச்சாம். மறுநாள் காலை வழக்கமாகக் கூப்பிடும் இரண்டு தோப்புக்காரர்கள் பொள்ளாச்சியிலிருந்து வேறு ஆளை வரவழைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று முழுக்க என் போன் அடிக்கவே இல்லை.

டாக்டரம்மா குடித்த டீ

கெடு நாளன்று சரசுவே பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மாவின் மேஜை மேல் டக்கென்று வைத்தாள். வேலியில் பறித்த இலையையும் பக்கத்தில் வைத்தாள். நான் குற்றவாளி மாதிரி ஒவ்வொரு கட்சியின் பெயரையும் சொன்னேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

"ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. மார்க்க யாருக்குப் போடுறதுன்னுதான் தெரியல. வெந்தயத்துக்கா, மாத்திரைக்கா, நீங்க பட்டினி கெடந்ததுக்கா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இலைக்கு வேகம் இல்லைன்னு நான் சொல்லல ஐயா. வேகம் இருக்கதனாலதான் சொல்லுதேன். ஏழையும் ஒண்ணாக் கலந்து, அதுக்கு மேல என் மாத்திரையையும் போட்டு, சாப்பாட்டையும் விட்டா, சர்க்கரை எறங்குற எறக்கத்துல ஆளே போயிருவீக."

நாக்கு செத்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு இலையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் கண் முன்னால் மென்றார். கொஞ்சம் பொறுத்து, மேஜை மேல் இருந்த தன் டீயை ஒரு வாய் குடித்தார். முகம் கோணிவிட்டது.

"ஐய, சீனியே போடாத மாதிரி இருக்கு. இனிப்ப மட்டும் மறைச்சிருது பாத்தீகளா? ஒருமணி நேரத்துல தானா வந்துரும்."

செத்தது நாக்கு இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொடியை மொத்தமாக நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. குழம்பில் போடுகிற வெந்தயம் போடலாம், வேறு எதைத் தொடுவதானாலும் முதலில் அவரிடம் சொல்லவேண்டும். அப்புறம் தொழில் பேச்சுக்கு வந்தார்.

"எங்கப்பா டீ ஃபேக்டரியில ருசி பாக்குற ரூம்ல வேல பாத்தாக. வரிசையா கப்பு வச்சிருப்பாக. வாயில உறிஞ்சி, சுழட்டி, துப்பிருவாக. ஒரு சொட்டு உள்ள போகாது. நீங்க ஏன் முழுங்குதீக?"

"அது தேயிலைங்கம்மா. இது தோப்புக்காரர் குடுக்கற பழம். துப்பினா அவமானப்படுத்தின மாதிரி."

"அப்போ துப்பிட்டு வேலை பாருங்க, இல்ல வேலைய விட்டுருங்க. ரெண்டுல ஒண்ணு."

கோளாம்பி

மறுநாள் காலை, சாப்பிட்டுவிட்டு, மாஷ் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். ராவுத்தர் துணைக்கு வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். மாஷ் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பொடி, மாத்திரை, வேலி மேல் இருந்த இலை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சிரிக்கவைத்துத் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். அன்று ஒரு சிரிப்புப் பேச்சும் வாயில் வரவில்லை.

"இனிமேல் நான் ருசி பார்த்தா துப்பித்தான் ஆகோணுமுங்க மாஷே. உங்களுக்கு அது பிடிக்கலீன்னா நான் வர்லீங்க. வேற ஆளை வெச்சுப் பாருங்க. ஆனா உங்க பழத்தைப் புளிப்புன்னு சொன்னது மட்டும் என் தப்புங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மாஷ் எழுந்து உள்ளே போய்விட்டார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் செருப்பைத் தேடினேன்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு பித்தளைக் கோளாம்பி இருந்தது. கல்யாணம் காட்சிக்கு வருகிறவர்கள் வெற்றிலை துப்ப மட்டும் வெளியே எடுப்பது. புளி போட்டுத் துலக்கியிருந்ததால் ஈரத்தோடு மின்னியது. அதை வைக்கோல் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பழத்தை எடுத்து நறுக்கி என்னிடம் நீட்டினார்.

"துப்பிக்கோ. பக்ஷே, எங்க வீட்டு மாம்பழத்தை எங்க வீட்டுக் கோளாம்பியிலதான் துப்பணும், கேட்டோ."

வாங்கி வாயில் வைத்தேன். கண் நிறைந்துவிட்டது. நாக்கில் சுழற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகத் துப்பினேன்.

"நல்லா ஏறியிருக்குதுங்க மாஷே. செவ்வாக்கெழமை பறிச்சறலாம்."

மாஷ் கோளாம்பியைக் காலால் தள்ளாமல், குனிந்து கையால் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த பழத்தை நறுக்கினார்.